தெகார்த் காலாவதியாகிவிட்டாரா? மனம், உடம்பு, இயற்கை பற்றி ஓர் இழை

ஆகஸ்ட் 3, மாலை. ஒரு வாசகரின் கேள்வி

"மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிற காலத்தில் 17ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதிகளான தெகார்த், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் எல்லாம் எதற்கு? ஆன்மா தனி, உடம்பு தனி என்று சொன்ன தெகார்த்தை எல்லோரும் மறுத்தாயிற்று. வரலாறு என்று பாடத்திட்டத்தில் ஒரு யூனிட் வைத்தால் போதாதா? இன்றைக்கு நாம் யோசிக்கிற விதத்தில் அவர்களுடைய பாதிப்பு எங்கே இருக்கிறது? ஒரே ஒரு உதாரணம் காட்டுங்கள் பார்ப்போம்."

ஆகஸ்ட் 3, இரவு

உதாரணம்தானே வேண்டும்? நான் பிசியோதெரபிஸ்ட். தினமும் அதில்தான் புழங்குகிறேன். முதுகுவலிக்காரர் ஒருவர் எம்.ஆர்.ஐ. கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். ரிப்போர்ட் நார்மல். அவரை அனுப்பிய டாக்டர் சொல்லியிருப்பார்: "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான்." குனிந்து செருப்பு மாட்ட முடியாத மனிதரிடம் இதைச் சொல்கிறார்கள். படத்தில் தெரிந்தால் உடம்பு, தெரியாவிட்டால் மனசு. உடம்பில் இருந்தால் நோய், மனசில் இருந்தால் ஒன்றுமில்லை. இந்தக் கோட்டை இவ்வளவு நேராகக் கிழித்துக் கொடுத்தவர் தெகார்த்.

மறுத்தாயிற்று என்கிறீர்கள். பாதியைத்தான் மறுத்தோம். உலகில் இரண்டு வகைப் பொருள் உண்டு என்றார் அவர். சிந்திப்பது ஒன்று, நீளம் அகலம் ஆழத்தோடு இடத்தை அடைத்துக் கிடப்பது இன்னொன்று. முதலாவதைப் பேய் பிசாசுக் கணக்கில் சேர்த்து ஓட்டிவிட்டோம். இரண்டாவதை அப்படியே வீட்டில் வைத்துக்கொண்டோம். தனக்கென்று நோக்கம் எதுவும் இல்லாத, அளந்து பார்க்கக்கூடிய, பாகம் பாகமாகக் கழற்றக்கூடிய இயற்கை என்ற எண்ணம் அவர் கொடுத்தது (கலிலியோவுக்கும் பங்கு உண்டு, சண்டைக்கு வராதீர்கள்). இன்று யாரும் அதைத் தத்துவம் என்றே நினைப்பதில்லை. பள்ளிக்கூடத்து அறிவியல் என்று நினைக்கிறோம். பாதிப்பு இதைவிட ஆழமாக எப்படி இருக்கும்?

ஆகஸ்ட் 4, காலை

"உடம்பு இயந்திரம் என்று நிஜமாகவே சொன்னாரா, பின்னால் வந்தவர்கள் அவர் தலையில் கட்டியதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சொன்னார். ஆசை ஆசையாகச் சொன்னார். பாரிசுக்குப் பக்கத்தில் சாங்-ஜெர்மேன் அரண்மனைத் தோட்டத்தில் செயற்கைக் குகைகள் இருந்தன. உள்ளே தண்ணீர் விசையில் ஓடும் பொம்மைகள். மனிதனைப் பற்றி எழுதிய நூலில் தெகார்த் இந்த மாதிரிப் பொம்மைகளைத்தான் உதாரணம் காட்டுகிறார். வேடிக்கை பார்க்க வருகிறவர் குறிப்பிட்ட ஓட்டில் கால் வைத்ததும் குளித்துக்கொண்டிருக்கும் டயானா நாணலுக்குள் ஒளிந்துகொள்வாள். விடாமல் பின்தொடர்ந்தால் நெப்டியூன் சூலத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருவார். வேறு பக்கம் திரும்பினால் ஒரு கடல் பூதம் முகத்தில் தண்ணீரைத் துப்பும். நரம்புகள் இந்தக் குழாய்கள் மாதிரி, தசைகள் இந்த விசைகள் மாதிரி, புலன்களைத் தொடும் வெளிப்பொருள்கள் தெரியாமல் ஓட்டை மிதிக்கும் பார்வையாளர் மாதிரி என்கிறார். ஆன்மா? குழாய்கள் வந்து சேரும் தொட்டியடியில் உட்கார்ந்திருக்கும் நீரூற்றுக்காரர்.

1633இல் கலிலியோவுக்குத் தண்டனை என்று கேள்விப்பட்டதும் மனுஷர் கையெழுத்துப் பிரதியை மூட்டை கட்டிவிட்டார். அவர் செத்த பிறகுதான் அச்சாயிற்று, 1662இல் லத்தீனில், 1664இல் பிரெஞ்சில்.

இன்னொன்று. நாற்காலியில் சாய்ந்து கற்பனையில் எழுதியவர் என்று நினைக்க வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு குளிர்காலம் முழுக்க ஏறக்குறைய தினமும் கசாப்புக்காரர் வீட்டுக்குப் போய் அறுப்பதைப் பார்த்தாராம். பிறகு வேண்டிய உறுப்புகளை வீட்டுக்கே வரவழைத்து நிதானமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். 1639இல் அவரே நண்பர் மெர்சனுக்குக் கடிதத்தில் எழுதியது. நான் படித்த காலத்தில் அனாடமி ஹாலுக்கு ஒரு வாரம் போய்விட்டுச் சோறு இறங்காமல் கிடந்தவன், அதனால் இந்த இடத்தில் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆகஸ்ட் 4, மதியம்

"இதையெல்லாம் நம் சித்தர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்" என்று எழுதியவருக்கு: எந்தப் பாட்டு, எந்த வரி என்று போடுங்கள், தனி இழை தொடங்கிப் பேசலாம். நான் ரெடி.

ஆகஸ்ட் 6, இரவு

நேற்று எழுத முடியவில்லை. இது கொஞ்சம் நீளமாகப் போகும்.

சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே எடுத்தவர் ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஆட்டோ ஓட்டியவர். ஒரு நாள் பெட்ஷீட்டைக் காட்டி, "சார், கட்டை விரல் பக்கத்து விரல் மேல ஏறிக் கெடக்கு, கொஞ்சம் எடுத்து விடுங்க" என்றார். அவர் காட்டிய இடத்தில் பெட்ஷீட் தட்டையாகக் கிடந்தது. அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறார், வலி அப்படி.

தெகார்த் இதே மாதிரி ஒரு கேஸ் எழுதியிருக்கிறார். கையில் கடுமையான நோய் கண்ட ஒரு சிறுமி. வைத்தியர் வரும்போதெல்லாம் அவள் பயப்படக் கூடாது என்று கண்ணைக் கட்டிவிடுவார்கள். அழுகல் பரவியதால் முழங்கை வரைக்கும் எடுத்துவிட்டார்கள். எடுத்ததே தெரியாதபடி அந்த இடத்தில் துணிகளைச் சுற்றி வைத்தார்கள். அவளோ இல்லாத கையில் இப்போது இந்த விரல் வலிக்கிறது, இப்போது அந்த விரல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். 1637இல் ஒரு கடிதத்தில் இந்தக் கதை வருகிறது, 1644இல் வெளியான நூலிலும் வருகிறது.

விளக்கம் சுத்தமாக இயந்திர விளக்கம். நரம்பு ஒரு கயிறு. நுனியில் இழுத்தாலும் நடுவில் இழுத்தாலும் மறுமுனையில் அடிப்பது அதே மணிதான். விரலிலிருந்து வந்த நரம்பு இப்போது முழங்கையில் முடிகிறது, அங்கே ஏதாவது உரசினால் விரல் வலிப்பதாகத் தோன்றும். பாதி இன்றைக்கும் சரி. ஸ்டம்பில் (வெட்டிய பின் மிஞ்சிய கால்பகுதியில்) வெட்டுப்பட்ட நரம்பு முண்டு கட்டி நிற்கும், அதை அழுத்தினால் போன காலில் மின்னல் வெட்டும். கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கயிறு விளக்காத ஒன்று இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துப் பிறகு கலிபோர்னியா போன வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்துக் காட்டியது. இரண்டு காலுக்கும் நடுவில் நீளவாட்டில் கண்ணாடியை நிறுத்த வேண்டும். நல்ல கால் கண்ணாடியில் தெரிகிற இடம், போன கால் இருந்த இடம். நல்ல காலின் விரல்களை மெதுவாக விரிக்கச் சொல்ல வேண்டும். நான் இந்த ஆட்டோக்காரருக்குச் செய்தேன். அவர் கண்ணாடியையே முறைத்துப் பார்த்துக்கொண்டு விரலை விரித்தார், மடக்கினார், விரித்தார். திடீரென்று, "ஆங், எறங்கிடுச்சு" என்றார். கட்டை விரல் இறங்கிவிட்டதாம்.

மறுநாள் மறுபடி ஏறிக்கொண்டது, அது வேறு கதை. எல்லோருக்கும் பலிக்காது. சிலர் கண்ணாடியைப் பார்த்ததும் அழுதுவிடுவார்கள், எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். ஆனால் பலித்த அந்தச் சில நிமிஷங்களில் ஸ்டம்பில் நான் ஒரு கயிற்றையும் தொடவில்லை. அவர் கண்ணால் பார்த்தார், வலி இறங்கியது. அந்த வலி எங்கே இருந்தது? காலில் என்று சொல்ல முடியாது, கால் இல்லை. மூளையில் என்றால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார், அவருக்கு வலித்தது விரல்.

தெகார்த் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பாடப்புத்தகம் காட்டுகிற தெகார்த் உடம்புக்குள் ஒரு டிரைவரை உட்கார வைத்தவர். நிஜத் தெகார்த் தன் 'தியானங்கள்' நூலின் ஆறாவது தியானத்தில் எழுதியது வேறு. கப்பலில் மாலுமி இருக்கிற மாதிரி நான் என் உடம்பில் இல்லை, உடம்போடு கலந்து கிடக்கிறேன், அப்படி இல்லையென்றால் அடிபட்டால் வலிக்காது, மாலுமி கப்பலில் உடைந்த இடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது போலச் சும்மா தெரிந்துகொள்வேன் என்கிறார். மனுஷருக்குப் பிரச்சினை நன்றாகவே தெரிந்திருக்கிறது. அவர் போட்ட இரண்டு பெட்டியிலும் இது அடங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 7

"பெட்டியில் அடங்கவில்லை என்று அவர் காலத்தில் யாராவது கேட்டார்களா?" கேட்டார்கள். எல்லோரையும்விடக் கூர்மையாகக் கேட்டது 24 வயதுப் பெண். பொஹீமியாவின் எலிசபெத். அப்பா ஒரே ஒரு குளிர்காலம் ராஜாவாக இருந்து நாட்டை இழந்தவர். குடும்பம் ஹேக் நகரத்தில் அகதி வாழ்க்கை. 1643 மே மாதம் தெகார்த்துக்கு எழுதுகிறாள்: ஒன்று இன்னொன்றை நகர்த்த வேண்டுமானால் இடிக்க வேண்டும், தொட வேண்டும். ஆன்மாவுக்கு நீள அகலம் இல்லை என்கிறீர்கள், பிறகு எதை வைத்து உடம்பைத் தள்ளும்?

அவர் பதில் சுற்றி வளைத்தது. பாரம் ஒரு கல்லைக் கீழே இழுக்கிறது என்று நினைக்கிறோமே, அது தொட்டா இழுக்கிறது என்கிற மாதிரி. அவள் விடவில்லை. உருவமில்லாத ஒன்று உடம்பை அசைக்கும் என்று நம்புவதைவிட ஆன்மாவுக்கும் நீள அகலம் உண்டு என்று ஒத்துக்கொள்வது எனக்குச் சுலபம் என்று ஜூனில் திருப்பி எழுதினாள். அதற்கு அவர், இந்த மாதிரி யோசனைக்கெல்லாம் வருஷத்தில் சில மணி நேரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள், ஆன்மாவும் உடம்பும் ஒன்றாக இருப்பதை அன்றாட வாழ்க்கையில், சாதாரணப் பேச்சில்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று முடித்தார். மழுப்பல் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இரண்டு பொருள் தத்துவத்தை எழுதிய ஆளே, வாழ்க்கையில் இதைத் தூக்கிக்கொண்டு திரியாதே என்கிறார்.

அதைவிட எனக்குப் பிடித்தது 1645ஆம் வருஷத்துக் கடிதங்கள். எலிசபெத்துக்கு விடாத காய்ச்சல், வறட்டு இருமல். தெகார்த் எழுதுகிறார்: இந்த மாதிரிக் காய்ச்சலுக்குச் சாதாரணமாகக் காரணம் துக்கம். குடும்பத்துக்கு அடி மேல் அடி என்று அவருக்குத் தெரியும். அவளும், என் உடம்பு மனக் கஷ்டத்துக்கு லேசில் இடம் கொடுத்துவிடுகிறது என்று ஒப்புக்கொள்கிறாள். அடுத்த கடிதத்தில் காட்டின் பச்சையை, பூவின் நிறத்தை, பறவை பறப்பதைப் பார்த்துக்கொண்டு எதையும் யோசிக்காமல் இருங்கள் என்று வைத்தியம் சொல்கிறார். தனக்கும் அம்மாவிடமிருந்து வறட்டு இருமல் வந்தது, சந்தோஷமான பக்கத்தையே பார்க்கிற பழக்கத்தால் தேறினேன் என்கிறார். மேலே நான் சொன்ன டாக்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி இவர் ஃபைலை மூடவில்லை. மனசு என்றதும் கூடுதலாகக் கேட்க ஆரம்பிக்கிறார்.

ஆகஸ்ட் 7, இரவு

பினியல் சுரப்பி பற்றி ஏன் எழுதவில்லை என்று ஏழெட்டுப் பேர். சரி. தெகார்த்தின் வாதம் இது: மூளையில் எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கிறது, இது ஒன்றுதான் ஒற்றை, இரண்டு கண் பார்ப்பதும் ஒரே காட்சியாக ஆக ஒரே ஒரு இடம் வேண்டும், ஆகவே ஆன்மாவின் ஆபீஸ் இங்கே. அரிசி மணி அளவு. 1665இல் பாரிசில் ஸ்டெனோ என்ற டேனிஷ்காரர் உரையாற்றி இதைக் கவிழ்த்தார். தெகார்த் சொல்கிற மாதிரி அந்தச் சுரப்பி அப்படி இப்படி அசையவே முடியாது என்று காட்டினார். அந்தக் காலத்திலேயே கேஸ் முடிந்தது. 1958இல் அதிலிருந்து மெலடோனினைப் பிரித்தார்கள். தூக்கம், இரவு பகல் விவகாரம்.

ஆனால் சுரப்பி விடவில்லை. 1888இல் பிளாவட்ஸ்கி அம்மையார் அதை நெற்றிக்கண்ணோடு முடிச்சுப் போட்டார். அவருடைய பிரம்மஞான சபை அதற்கு முன்பே அடையாறுக்குக் குடிவந்துவிட்டது. இப்போது காலையில் உங்கள் பெரியப்பா வாட்ஸப்பில் அனுப்புகிற "பினியல் சுரப்பியே மூன்றாவது கண்" படத்தின் பரம்பரையில் ஒரு பிரெஞ்சுக்காரரும் இருக்கிறார் என்று அவருக்குச் சொல்லிவிடாதீர்கள். பாவம், மனசு ஒடிந்துபோவார்.

ஆகஸ்ட் 8

எலிசபெத்தின் கேள்விக்கு இயற்பியலிலும் ஒரு பின்கதை உண்டு. உலகில் மொத்த இயக்கத்தின் அளவு மாறாது என்று தெகார்த் வைத்தார். அவர் கணக்கு பருமன் பெருக்கல் வேகம், திசை அதில் கிடையாது. அப்படியானால் ஆன்மா புதிதாக இயக்கத்தை உண்டாக்க வேண்டாம், ஓடுகிறதைத் திருப்பிவிட்டால் போதும் என்று ஒரு சந்து திறக்கிறது. லைப்னிட்ஸ் அந்தச் சந்தை அடைத்தார். திசையையும் சேர்த்த கணக்குதான் மாறாமல் நிற்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கணக்கு உதைக்கும் என்றார். தெகார்த்துக்கு இது தெரிந்திருந்தால் என் பக்கம் வந்திருப்பார் என்று 1714இல் கொஞ்சம் தலைக்கனத்தோடு எழுதியும் வைத்தார்.

"பௌதிக உலகத்தில் நடப்பதற்குப் பௌதிகக் காரணமே போதும்" என்று இன்றைக்கு மனம் பற்றிய எந்த விவாதத்திலும் முதல் பாலில் போடுகிறார்களே, அந்தப் பந்து இங்கிருந்து வருகிறது. போடுகிறவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 10

ஸ்பினோசா ரசிகர்கள் கூட்டமாக வந்திருக்கிறீர்கள். "மனம் நினைத்தால் உடம்பைக் குணப்படுத்தலாம் என்று ஸ்பினோசா சொல்லிவிட்டார்" என்று ஒருவர். அவர் சொன்னது நேர் எதிர். மனம் உடம்பை அசைக்காது, உடம்பு மனத்தைச் சிந்திக்க வைக்காது. இரண்டும் ஒரே பொருளின் இரண்டு முகம், ஒரு முகம் இன்னொரு முகத்தைத் தள்ளுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எலிசபெத்தின் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, அந்தக் கேள்வி எழுவதற்கான இடத்தையே எடுத்துவிட்டார்.

ஆள் எப்படிப்பட்டவர் என்றால், 1656இல் 23 வயதில் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் ஒதுக்கி வைத்தது. லென்ஸ் தேய்த்து வாழ்ந்தார். 1673இல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். 1677இல் 44 வயதில் நெஞ்சு நோயில் செத்தார். அறவியல் நூல் அதே வருஷம் நண்பர்கள் முயற்சியில் வெளிவந்தது. அட்டையில் முழுப் பெயர்கூடக் கிடையாது, மூன்றெழுத்துதான்.

அவருடைய ஒரு வரி எனக்கு வேலையில் உதவுகிறது. உடம்பு தன் சக்தியால் என்னவெல்லாம் செய்யும் என்று இதுவரை யாரும் கண்டறியவில்லை என்கிறார். தூக்கத்தில் நடக்கிறவர்கள் விழித்திருக்கும்போது துணியாததையெல்லாம் செய்கிறார்களே என்று உதாரணம் காட்டுகிறார். பக்கவாதத்துக்குப் பிறகு "கையை மடக்குங்க" என்றால் மடக்க முடியாத அம்மா, கொட்டாவி விடும்போது அந்தக் கை தானாக மடங்கி மேலே வரும். பார்த்தவர்களுக்குத் தெரியும். குடும்பமே "கை வந்துடுச்சு" என்று குதிப்பார்கள். அந்த நேரத்தில் என்ன சொல்வது என்று இன்னும் எனக்குப் பழகவில்லை.

ஐன்ஸ்டீன் மேற்கோளைப் பத்துப் பேர் போட்டுவிட்டீர்கள், போதும். ஆமாம், 1929இல் நியூயார்க் ரப்பி (யூத மதகுரு) ஒருவருக்குத் தந்தி கொடுத்தார், உலகத்தின் ஒழுங்கில் வெளிப்படும் ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன் என்று. 1920இல் ரைன்ஸ்பர்க்கில் ஸ்பினோசா தங்கிய வீட்டுக்கும் போய்விட்டு வந்தார்.

ஆகஸ்ட் 11

"இயற்கையை அழித்தது தெகார்த், காப்பாற்றப் போவது ஸ்பினோசா." இப்படி ஒரு பின்னூட்டத்துக்கு இவ்வளவு லைக்கா?

இயற்கைக்கு எஜமானர்களும் உடைமையாளர்களும் போல ஆகலாம் என்று 1637இல் தெகார்த் எழுதினார், உண்மை. அந்த "போல" எல்லா மேற்கோளிலும் காணாமல் போகிறது. எதற்காக எஜமானர் ஆவது என்று அடுத்தாற்போல் சொல்கிறார்: முக்கியமாக ஆரோக்கியத்துக்காக. மனம்கூட உடம்பின் நிலையை அவ்வளவு நம்பியிருக்கிறது, மனிதர்களைப் புத்திசாலிகளாக ஆக்க வழி ஒன்று உண்டென்றால் அதை மருத்துவத்தில்தான் தேட வேண்டும் என்றும் எழுதினார். அணைக்கட்டும் நிலக்கரியும் அவர் கனவில் வந்ததாகத் தெரியவில்லை.

ஸ்பினோசாவின் "கடவுள் அல்லது இயற்கை" என்பதைப் போஸ்டரில் மரத்தடியில் அச்சடிக்கிறார்கள். அதே அறவியல் நூலில் மிருகங்களுக்கு உணர்வு உண்டு, இருந்தாலும் நம் வசதிக்கு இஷ்டப்படி பயன்படுத்தலாம், அறுக்கக் கூடாது என்ற சட்டம் வெறும் மூடநம்பிக்கை, பெண்பிள்ளை இரக்கம் என்று எழுதியிருக்கிறார். அதை எந்தப் போஸ்டரிலும் காணோம். ஆர்னே நேஸ் போன்ற சூழலியல் தத்துவவாதிகள் ஸ்பினோசாவிலிருந்து நிறைய எடுத்தார்கள், எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அவரிடமிருந்து வருவது காட்டின் மேல் அன்பு என்று நினைத்துவிடக் கூடாது. நாமும் காடும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், நமக்கென்று தனி ராஜ்யம் கிடையாது என்ற வறண்ட செய்திதான் வருகிறது. எனக்கு அந்த வறட்சி பிடிக்கும்.

ஆகஸ்ட் 15

லீவு நாள். நாய் பக்கத்தில் படுத்திருக்கிறது, தலைப்பும் அதுதான்.

1637 நூலில் ஐந்தாம் பகுதியில் தெகார்த் ஒரு பரீட்சை வைக்கிறார். ஒரு இயந்திரம் வார்த்தை பேசலாம். இங்கே தொட்டால் "என்ன வேண்டும்" என்று கேட்கும், அங்கே தொட்டால் "வலிக்கிறது" என்று கத்தும். ஆனால் எதிரில் என்ன பேசினாலும் அதன் அர்த்தத்துக்கு ஏற்றபடி வார்த்தைகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பதில் சொல்ல அதனால் முடியாது. மந்தபுத்திக்காரன்கூட அதைச் செய்வான். மிருகமும் செய்யாது. ஆகவே மிருகத்தை இயந்திரத்தோடு சேர். 1950இல் கணிதவியலாளர் டூரிங் இயந்திரத்துக்கு வைத்த பரீட்சையும் ஏறக்குறைய இதே வினாத்தாள்.

இப்போது நம் போனிலேயே ஒன்று உட்கார்ந்துகொண்டு எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறது. "தெகார்த் தோற்றார்" என்று இதை வைத்து ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. பேசுவது, புரிந்துகொள்வது, வலியை உணர்வது எல்லாவற்றையும் "சிந்தனை" என்ற ஒரே மூட்டையாகக் கட்டினார் தெகார்த். மூட்டையில் ஒன்று இருந்தால் எல்லாம் இருக்கும், ஒன்று இல்லையென்றால் எதுவும் இல்லை. இன்றைக்கு அந்த மூட்டை அவிழ்ந்துவிட்டது. போனில் பேச்சு இருக்கிறது, அதற்கு வலிக்கும் என்று நான் நம்பவில்லை. இந்த நாய் ஒரு வார்த்தை பேசாது. போன மாசம் அதன் காலில் முள் குத்தியபோது நான் எடுக்க வந்தால் பல்லைக் காட்டியது, எடுத்த பிறகு கையை நக்கியது. அதற்கு வலிக்கவில்லை என்று சொல்ல எந்தத் தத்துவவாதியாலும் என்னைச் சம்மதிக்க வைக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், போன் பேசுகிறதே என்று பயப்படுகிறவர்களும் சரி, அதற்கு உரிமை வேண்டும் என்கிறவர்களும் சரி, "பேசினால் உள்ளே ஆள் இருக்கிறது" என்ற தெகார்த்தின் விதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய விடையை மாற்றி எழுதியவர்கள் வினாத்தாளை மாற்றவில்லை.

ஆகஸ்ட் 15, சற்று நேரம் கழித்து

நாய் விஷயத்தில் அவருக்கு நியாயமாக ஒன்று சேர்க்க வேண்டும். 1649இல் ஆங்கிலத் தத்துவவாதி ஹென்ரி மோருக்கு எழுதிய கடிதத்தில், மிருகங்களுக்குச் சிந்தனை இல்லை என்று நிரூபிக்க முடியாது, மனித மனம் அவற்றின் நெஞ்சுக்குள் எட்டாது என்கிறார். உறுப்புகளைச் சார்ந்த அளவில் அவற்றுக்குப் புலனுணர்ச்சி உண்டு என்பதையும் மறுக்கவில்லை. பின்னால் வந்த சீடர்கள்தான் இந்தக் கதவைச் சாத்திப் பூட்டினார்கள். குருவைவிடச் சிஷ்யன் முரட்டுத்தனமாக இருப்பது எங்கும் நடப்பதுதான்.

ஆகஸ்ட் 16

லைப்னிட்ஸின் மாவு மில்லைப் பற்றி எழுதச் சொல்லி ஒருவர் நச்சரிக்கிறார்.

1714இல் எழுதியது. சிந்திக்கிற, உணர்கிற இயந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மில்லுக்குள் நுழைகிற மாதிரி உள்ளே போகும் அளவுக்கு அதைப் பெரிதாக்குங்கள். உள்ளே என்ன பார்ப்பீர்கள்? ஒன்றையொன்று தள்ளும் பாகங்கள். ஒரு உணர்வை விளக்கக்கூடிய எதுவும் தட்டுப்படாது. 1995இல் தத்துவவாதி சால்மர்ஸ் "கடினமான சிக்கல்" என்று பெயர் வைத்ததும் பெரிய அளவில் இதே மில்லைச் சுற்றித்தான் வருகிறது. நரம்பு இங்கே எரிகிறது, அங்கே எரிகிறது, சரி, ஆனால் ஏன் வலிக்கிறது?

இதில் எனக்குப் பிடித்த முரண்: எல்லாச் சச்சரவையும் "வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்று தீர்க்கும் ஒரு மொழியைக் கனவு கண்டவரும் இவரே. கூட்டல் பெருக்கல் செய்யும் இயந்திரத்தின் மாதிரியை 1673இல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். 0, 1 மட்டும் வைத்து எண்கணிதம் பற்றி 1703இல் எழுதினார். கணினிக்காரர்கள் இவரைத் தாத்தா என்கிறார்கள், கணினிக்கு உணர்வு வராது என்கிறவர்களும் இவரைத் தாத்தா என்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குள் சொத்துத் தகராறு.

1676 நவம்பரில் இவர் ஹேக் போய் ஸ்பினோசாவைச் சந்தித்துப் பேசினார். அடுத்த பிப்ரவரியில் ஸ்பினோசா செத்துவிட்டார். பல வருஷம் கழித்து அந்தச் சந்திப்பைப் பற்றிக் கேட்டால், அந்தக் காலத்து அரசியல் சமாச்சாரம் சில கேட்டுக்கொண்டேன் என்கிற ரீதியில் எழுதியிருக்கிறார். ஒதுக்கி வைக்கப்பட்டவரோடு தத்துவம் பேசினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 22

ஒரு வாரமாக இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். முதல் குறிப்பில் இயந்திர உடம்பு என்ற எண்ணத்தின் மேல் எரிந்து விழுந்தேன். அது ஒரு பக்கம்தான்.

அந்த ஆட்டோக்காரர் ஒரு நாள், "போன ஜென்மத்துல யார் கால ஒடச்சேனோ" என்றார். அவர் மனைவி கோயில் கோயிலாகப் போய் வந்துகொண்டிருந்தார். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? பேப்பரில் கால் வரைந்து, ரத்தக்குழாய் வரைந்து, இங்கே அடைத்தது, இங்கே ரத்தம் போகவில்லை, மரத்துப்போனதால் புண் தெரியவில்லை, புண்ணில் கிருமி ஏறியது என்று காட்டினேன். குழாய், பம்ப், அடைப்பு. சாங்-ஜெர்மேன் தோட்டத்து நீரூற்று அப்படியே. அவர் ரொம்ப நேரம் அந்தப் பேப்பரைப் பார்த்துவிட்டு, "அப்ப யாரு சாபமும் இல்ல" என்றார். பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இயற்கைக்கு நோக்கம் இல்லை என்றால் அது நம்மைத் தண்டிக்கவும் இல்லை. இந்த ஆறுதலை அந்த 17ஆம் நூற்றாண்டு ஆட்கள்தான் வாங்கிக் கொடுத்தார்கள், ஸ்பினோசா இதில் தெகார்த்தைவிட ஒரு படி மேலே. கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவன் செத்தால், காற்று ஏன் அடித்தது, அவன் ஏன் அந்த வழியாகப் போனான் என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் கடவுள் சித்தம் என்று அடைக்கலம் புகுகிறவர்களை அறவியல் முதல் பகுதிப் பின்னிணைப்பில் வாங்கு வாங்கென்று வாங்குகிறார்.

ஆக, "ஒண்ணும் இல்ல, மனசுதான்" என்ற டாக்டரும் நானும் ஒரே கடையில்தான் சாமான் வாங்குகிறோம். நான் அதை வைத்து ஒருவருடைய குற்ற உணர்ச்சியை இறக்கினேன், அவர் அதை வைத்து ஒருவருடைய வலியைப் பொய் என்றாக்கினார். கடையைக் குறை சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே வலிக்கென்று ஒரு அலமாரியே இல்லை. ஆனால் முன்பு இருந்த வேகம் இப்போது இல்லை.

ஆகஸ்ட் 23

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "சரி, பாதிப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூளை அறிவியல் இதைச் சீக்கிரம் முடித்துவிடும்" என்கிறார். இதே நம்பிக்கையில் 1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார், 25 வருஷத்துக்குள் பிரக்ஞைக்குரிய நரம்புத் தடயம் தெளிவாகக் கிடைத்துவிடும் என்று. 2023 ஜூனில் நியூயார்க்கில் மேடையேறித் தோற்றதை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார். உங்களோடு பந்தயம் கட்ட நானும் தயார், ஒயின் வேண்டாம், பிரியாணி போதும்.

எதை முதலில் படிப்பது என்று கேட்டவர்களுக்கு: எலிசபெத்தும் தெகார்த்தும் எழுதிக்கொண்ட கடிதங்கள். கணக்குப் புத்தகம் மாதிரி வரையறை, தேற்றம் என்று போகிற ஸ்பினோசாவை முதலில் கையில் எடுத்தால் மூன்றாம் பக்கத்திலேயே தூங்கிவிடுவீர்கள். பின்னிணைப்பிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். லைப்னிட்ஸ் கடைசியில். அவரிடம் ஜன்னலே இல்லாத மோனாடுகள் (அவர் கணக்கில் உலகத்தின் அடிப்படை அலகுகள்) வரும்போது பயந்து எழுந்து ஓடாதீர்கள், இங்கே வந்து கேளுங்கள், மில்லுக்காக நச்சரித்த அந்த அன்பர் பதில் சொல்வார்.